இலக்கத் தகடு இல்லாதது

மூன்றாம் நாளும் வரிசை நகரவில்லை.
என் ஸ்கூட்டியின் கடைசி இலக்கம் ஏழு.
ஏழுக்கு வெள்ளி என்றார்கள்.
வெள்ளியன்று பவுசர் வரவில்லை.
எனக்கு முன்னால் ஓட்டோவுக்குள் ஒருவர்
கால்களை வெளியே நீட்டி உறங்கினார்.
கழன்று விழுந்த அவர் செருப்பை
யாரோ நிழலில் எடுத்து வைத்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் பஞ்சிகாவத்தையில்
ஒரு சைக்கிள் வாங்கினேன்.
பச்சை. முன் மட்கார்ட் மட்டும் வேறொரு பச்சை.
விலையைச் சொல்லமாட்டேன்,
அந்த வருடம் எல்லா விலையும் பொய் போலத்தான் கேட்டது.
ஓடத் தெரியாது என்பதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை.
கோபித்துக்கொண்ட பிள்ளையைக் கூட்டி வருவதுபோல்
வெள்ளவத்தை வரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

நாற்பத்தொரு வயது.
ஊரார் கணக்கைச் சரிபார்ப்பது தொழில்.

நுஸ்ஹா சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்,
மெரைன் டிரைவில், வாகனங்களே இல்லாத வாரத்தில்.
பிடி, விட்டிடாதை என்று கத்தினேன்.
விட்டு எவ்வளவு நேரம் என்றது அவள் குரல்,
பம்பலப்பிட்டி ஸ்டேஷன் பக்கமிருந்து.
அந்தத் தூரத்தைக் கேட்டதும்தான் விழுந்தேன்.

முழங்காலில் மண்ணோடு எழும்பியபோது
மறுபடி ஏற வேண்டும் என்பதைத் தவிர
தலைக்குள் ஒன்றுமே இருக்கவில்லை.
மாத முடிவுக் கணக்கு, மின்வெட்டு நேர அட்டவணை,
அம்மாவின் மாத்திரை
எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்.
ஐந்தரைக்கு நான், நுஸ்ஹா, தினூஷி,
கொட்டாஞ்சேனையிலிருந்து
எங்களைக் கூட்டிப்போக வந்து
மறுபடி கொட்டாஞ்சேனைக்கே ஓடும் கிளீற்றஸ்.
காற்றே இல்லாத விடியலில்
ஓடுவதால் ஒரு காற்று உண்டாகும்,
என் அளவெடுத்துத் தைத்ததுபோல்.
நின்றால் அதுவும் நிற்கும்.

கொழும்பு தட்டை என்று நினைத்திருந்தேன்.
ஆட்டுப்பட்டித் தெரு அதைத் திருத்தியது.
இத்தனை வருடம்
என் தொடைக்குள் யார் குடியிருந்தார்கள்?
வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்டாமை ஒருவர்
தள்ளிவிடவா தங்கச்சி என்றார்.
வேண்டாம் என்று சொல்ல மூச்சு மிஞ்சவில்லை.

ஒரு சந்தியில் என் கால் தானாக நிலத்தில் ஊன்றியது.
கை, கொண்டுவராத கைப்பையைத் தேடியது.
மணல்மூட்டைகள் இருந்த இடம்.
இப்போது அங்கே செவ்விளநீர் விற்கிறார்கள்.
ஏன் நின்றாய் என்றாள் தினூஷி, மெய்யாகவே தெரியாமல்.
நுஸ்ஹாவுக்குத் தெரிந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
பெல்லை அடித்தாள், ஒரேயொருமுறை.

முகத்துவாரத்தில் ஆறு கடலுக்குள் போகிற இடத்தில்
செயின் கழன்றது, மழையும் வந்தது.
கிளீற்றஸ் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்து
பெடலைக் கையால் சுற்றினான்.
கடைத் தாழ்வாரத்தில் நாங்கள் பிளேன்டீயும் கிம்புலா பணிசும்.
பணிசின் சீனி நனைந்தது.
யார் காசு கொடுப்பது என்ற சண்டை
மழையைவிட நீண்டது.
திங்களன்று அலுவலகத்தில்
என் சேலைக் கரையில் கறுப்பு எண்ணெய்.
கழுவிப் பார்த்தேன். உள்ளுக்குள்
போகாமல் இருக்கட்டும் என்றும் இருந்தது.

பெற்றோல் வந்தது.
ஸ்கூட்டி ஒரு உதையில் உறுமியது,
ஒன்றுமே நடக்காததுபோல்.
வீதி மறுபடி ஹோர்னால் நிறைந்தது.
கிளீற்றஸ் இரண்டு ஞாயிறு வரவில்லை.
மூன்றாவதில் வந்தான், காரணம் கேட்கவில்லை நாங்கள்.
தினூஷிக்கு மெல்பேர்ன் விசா வந்தது.
போகிற இரவு தன் சிவப்புச் சைக்கிளைக்
கொண்டுவந்து என் கதவில் சாய்த்தாள்.
பிரேக் கொஞ்சம் இழுக்கும், பார்த்துக்கொள் என்றாள்.
அதற்குமேல் இரண்டு பேராலும் முடியவில்லை.

லிஃப்டில் சைக்கிள் ஏற்றக் கூடாது என்று
எட்டு மாதம் என்னோடு சண்டை பிடித்த காவலாளி
நேற்று விடியல், இரவுக் கடமை முடிகிற நேரம்,
அந்தச் சிவப்பின் பின் டயரைப்
பெருவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று இறங்கியிருக்கே மிஸ், என்றார்.
நான் பம்பை எடுத்து நீட்டினேன்.